சீட்டின் பின்பக்கம்

தேர்தல் வரப்போகிறது என்றால் எனக்குத் தூக்கம் போய்விடும். வேலையில் இருந்தபோதும் அப்படித்தான், வேலையை விட்ட பிறகும் அப்படித்தான். நான் பாட்டுக்குத் திருநின்றவூரில் வீடு உண்டு, டிவி உண்டு என்று கிடக்கிறேன். ஊர் விடுவதாக இல்லை. ரேஷன் கடை வரிசையில் நின்றால் கேட்கிறார்கள். பால் வாங்கப் போனால் கேட்கிறார்கள். மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடினால் தட்டி எழுப்பிக் கேட்கிறார்கள். ஆளுங்கட்சி இந்தத் தடவை தோற்குமா, தோற்காதா? ஏதோ நான் பதிலை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு கொடுக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற மாதிரி. எதிர் ஃபிளாட்டில் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஐ.டி. தம்பி ஒருவர் குடியிருக்கிறார். அவர் மட்டும் கொஞ்சம் நாசூக்காக, “ஆன்ட்டி, உங்க ஃபீல் எப்படி இருக்கு?” என்பார். முட்டி வலிக்கிறது தம்பி, அதுதான் என் ஃபீல் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. வாழ்நாள் முழுக்க நான் பார்த்த வேலை அப்படி. கருத்துக் கணிப்புக் கம்பெனியில் ஃபீல்டு சூப்பர்வைசர். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, சோப்பிலிருந்து சர்க்கார் வரை எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று கேட்டுக்கொண்டு வருகிற வேலை. பூந்தமல்லியிலிருந்து வேப்பம்பட்டு வரை நான் செருப்பைத் தேய்க்காத தெரு குறைவு.

இப்போது யாரும் நடப்பதில்லை. எல்லாம் ஃபோனில்தான். எனக்குக் கீழே வேலை பார்த்த பிரகாஷ்தான் இன்று எங்கள் அம்பத்தூர் ஆபீஸுக்குப் பொறுப்பு. பழைய ஆட்களின் அனுபவங்களை ஒரு சின்ன மலராகப் போடப்போகிறார்களாம். மறக்க முடியாத கேஸ் ஒன்றை எழுதிக் கொடுங்கள் அக்கா, ஜாலியாக இருக்கட்டும் என்றான். எனக்கு மறக்க முடியாதது ஒன்றுதான் இருக்கிறது, அது ஜாலியாக இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். ஆட்களின் பெயரையெல்லாம் மாற்றியிருக்கிறேன். தெருவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எந்தத் தேர்தல் என்றும் சொல்லப்போவதில்லை.

நான் இந்த வேலைக்கு வந்த கதை பெரிய கதையல்ல. அப்பா அம்பத்தூரில் கூலிக்கு வயல் வேலை செய்தவர். வயலெல்லாம் தொழிற்பேட்டை ஆனபோது அவரும் ஒரு பட்டறையில் வாட்ச்மேன் ஆனார். நான் பிளஸ் டூ முடித்துவிட்டு டைப்ரைட்டிங்கில் தேறாமல் உட்கார்ந்திருந்தேன். தெருவில் ஒரு அக்கா துணி சோப்பு சர்வேக்கு ஆள் குறைகிறது என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அங்கிருந்து தலை எண்ணெய், டீத்தூள், டூத்பேஸ்ட். அப்புறம்தான் தேர்தல்.

சோப்பு சர்வேக்கும் தேர்தல் சர்வேக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. எந்தச் சோப்பு என்று கேட்டால் யாரும் தெருவை எட்டிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் முறையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் பின்னால் நடந்தது புரியும். தெருவுக்குள் நுழைந்தால் வலது கைப் பக்கமாகவே நடக்க வேண்டும். ஒரு வீட்டில் கேட்டால் அடுத்த சில வீடுகளை விட்டுவிட வேண்டும். திறந்திருக்கிற வீடு, சிரித்த முகம், நிழலான வாசல் என்று நம் வசதிக்குப் பொறுக்கக் கூடாது. வீட்டுக்குள்ளும் அப்படித்தான். யார் முதலில் வந்து நிற்கிறாரோ அவரிடம் கேட்கக் கூடாது, அடுத்து யாருக்குப் பிறந்த நாள் வருகிறதோ அவரிடம்தான் கேட்க வேண்டும். இந்த விதியை எழுதியவர் நெமிலிச்சேரிக்கு வந்திருக்க மாட்டார். அங்கே ஒரு பெரியவர் என்னிடம், “எனக்கு ஏதுமா பொறந்த நாளு? மழ பெய்ஞ்சப்போ பொறந்தேன்னு எங்கம்மா சொல்லுவா, அவ்ளோதான்” என்றார். அவரை ஐப்பசி என்று எழுதிக்கொண்டேன்.

முதலில் வயது, படிப்பு, தொழில், வீட்டுக் கஷ்டம் எல்லாம் ஃபாரத்தில் எழுதுவோம். யாருக்கு ஓட்டு என்பதை மட்டும் வாயால் கேட்க மாட்டோம். சின்னங்கள் அச்சடித்த ஒரு சீட்டைக் கொடுப்போம். அவர்கள் திரும்பி நின்று குறி போட்டு, மடித்து, எங்கள் கான்வாஸ் பையில் போட வேண்டும். கோயில் உண்டியல் மாதிரி பையில் ஒரு கீறல் இருக்கும். வாயில் பூட்டு, சாவி ஆபீஸில். சீட்டைக் கொடுக்கும்போது நாங்கள் மனப்பாடமாக ஒரு வாக்கியம் சொல்வோம்: “நீங்க போடறது யாருக்கும் தெரியாது, பயப்படாம போடுங்க.” அந்த வாக்கியத்தை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேனோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

சாவி சம்பந்தம் சாரிடம் இருக்கும். எங்கள் ஆபீஸ் மேனேஜர், தென்காசிக்காரர். ஒல்லியான ஆள். குரல் எழும்பாது, கடைநிலை ஆள் வரைக்கும் எல்லோருக்கும் “ங்க” போடுவார். அந்த “ங்க”வுக்கு நாங்கள் நடுங்கிய மாதிரி வேறு யாருடைய திட்டுக்கும் நடுங்கியதில்லை. சில பேர் வெயிலுக்குப் பயந்து டீக்கடையில் உட்கார்ந்து ஃபாரங்களைத் தாங்களே நிரப்பிக்கொண்டு வருவார்கள். சார் அந்தக் கட்டை வாங்கிக் கையால் தடவிப் பார்ப்பார். வாசலில் நின்று, மடியில் வைத்து, திண்டாடி எழுதிய ஃபாரம் கோணல்மாணலாக இருக்கும். மேஜையில் எழுதியது அழகாக இருக்கும். அழகாக இருந்தால் போச்சு. “இதை மறுபடி போய்ப் பண்ணிடுங்க” என்று கட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார், வேறு ஒரு வார்த்தை வராது.

நாங்கள் போய்வந்த வீடுகளில் சிலவற்றுக்கு அவரே மறுபடி போய்ச் சரிபார்ப்பார். யார் வீட்டிலும் காப்பி குடிக்க மாட்டார். தண்ணீர்கூடத் தன் பாட்டிலில்தான். எனக்கு ஆரம்பத்தில் அது பெரிய திமிராகத் தெரிந்தது. ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டேன். காப்பி கொடுத்தவர்கள் நம் மனசுக்குப் பிடிக்கிற மாதிரி பதில் சொல்லப் பார்ப்பார்கள், குடித்த நாமும் அதை நம்பப் பார்ப்போம், அதனால்தான் என்றார். நான் அவர் இல்லாத இடங்களில் குடித்துக்கொண்டுதான் இருந்தேன். வெயிலில் அலைகிறவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

நான் சொல்லவந்த தேர்தல், நாட்டுக்கே நடக்கிற பெரிய தேர்தல். டெல்லியில் ஆள்கிற கட்சி திரும்பி வருமா, போகுமா என்று எல்லோரும் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த நேரம். எங்கள் பக்கத்துத் தொகுதி இழுபறி என்று முதல் சுற்றில் தெரிந்திருந்தது. தலைமை ஆபீஸிலிருந்து தினமும் ஃபோன். ஆளுங்கட்சி தோற்குமா என்ற ஒரே கேள்விதான். சம்பந்தம் சாரிடமிருந்து இன்னும் முடியலைங்க என்ற ஒரே பதில்தான். அவர் மதியச் சாப்பாட்டைத் தொடாமல் மூடி வைத்துவிடுவார்.

இரண்டாவது சுற்றில் எனக்கும் லதாவுக்கும் வேப்பம்பட்டு விழுந்தது. லதா என்னோடு பல வருஷம் ஜோடியாக வந்த பெண், பாதி சுமையைப் பேச்சிலேயே இறக்கிவிடுவாள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு தெரு. முக்கால்வாசிப் பேர் ஹவுஸ்கீப்பிங் வேலை. ஆவடி, அம்பத்தூர் பக்கத்து ஃபிளாட்டுகளிலும் கம்பெனிகளிலும் கூட்டிப் பெருக்கித் துடைக்கிறவர்கள். காண்டிராக்டில் ஆள் எடுத்து அனுப்புகிறவர் ஒருவர், ஏழுமலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்தான் அந்த ஏரியாவில் ஆளுங்கட்சியின் ஆளும். இது எங்களுக்கு அன்று காலையில் தெரியாது.

வலது கைப் பக்கமாக ஆரம்பித்தோம். முதல் வீட்டிலேயே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. பொதுவாக இப்படித் தெருக்களில் நான்கு பேர் சூழ்ந்துகொண்டு, கேஸ் விலையிலிருந்து சாக்கடை வரை எங்களைப் பிடித்து உலுக்கி எடுத்துவிடுவார்கள். நீ யாரு, எந்தக் கட்சி, எதுக்கு வந்தே என்று கேட்பார்கள். இங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. நாற்காலி போட்டார்கள். என்ன கஷ்டம் என்று கேட்டால் “ஒரு கஷ்டமும் இல்லமா, எல்லாம் நல்லாகீது” என்றார்கள். கூரையில் ஓட்டை, அதற்குக் கீழே வாளி, நல்லாகீதாம். சீட்டைக் கொடுத்ததும் திரும்பிக்கூட நிற்காமல் என் கண் முன்னாலேயே குறி போட்டுக் காட்டிவிட்டு மடித்தார்கள். எல்லாம் ஆளுங்கட்சி. ஓர் அம்மா எனக்குச் சரியாகத் தெரியவில்லையோ என்று சீட்டை ஒருதரம் திருப்பிப் பிடித்தே காட்டினார்.

லதாவுக்குச் சந்தோஷம், வேலை சீக்கிரம் முடிகிறதே என்று. எனக்கு இல்லை. குறை சொல்லாத தெருவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஒரே ஒரு வீட்டில் மட்டும்தான் ஒரு மனுஷி வாய் திறந்து பேசினார். செல்வி என்று சொல்கிறேன். நாற்பது வயது இருக்கும். புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள். முந்தின நாள் டபுள் டூட்டி பார்த்துவிட்டு விடிந்த பிறகுதான் வந்திருந்தார், கண்ணெல்லாம் சிவப்பு. ஆனாலும் உட்காரவைத்து, சம்பளத்தில் பிடிப்பது, மழைக்கு ஒழுகுவது, பெரிய பெண்ணுக்கு ஃபீஸ் என்று கொட்டித் தீர்த்தார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. என் வாக்கியத்தைச் சொல்லிச் சீட்டைக் கொடுத்தேன், சிரித்துக்கொண்டே வாங்கிக் கதவுக்குப் பின்னால் போனார், குறி போட்டு, மடித்து, பையில் போட்டார்.

தெருவை முடித்துவிட்டு ஸ்டேஷனுக்கு வந்து அம்பத்தூர் ரயிலுக்காக உட்கார்ந்திருந்தோம். ரயில் வருகிற நேரம். பிளாட்பாரத்தில் யாரோ ஓடி வருகிறார்கள். பார்த்தால் செல்வி. செருப்பில்லை, தலைமுடி அவிழ்ந்து கிடக்கிறது. வந்ததும் பையைப் பிடித்துக்கொண்டார்.

“யக்கா, என் சீட்ட குட்த்துடு.”

என்ன ஆயிற்று என்று கேட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். முந்தின நாள் சாயந்திரம் குழாயடியில் ஏழுமலை தெருவையே கூட்டிவைத்துச் சொல்லியிருக்கிறார். நாளைக்கு இரண்டு பொம்பளைகள் பையோடு வருவார்கள், நம்ம ஆட்கள்தான், யார் எதில் குறி போடுகிறீர்கள் என்று எனக்கு வந்துவிடும், பார்த்துப் போடுங்கள் என்று. ஒரு தெருவில் சர்வே செய்வதற்கு முன்னால் அங்கே இருக்கிற பெரிய மனிதர் யாரிடமாவது தகவல் சொல்லிவைப்பது எங்கள் வழக்கம், இல்லாவிட்டால் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று விரட்டிவிடுவார்கள். அப்படி யார் காதிலோ போட்டது ஏழுமலை காதுக்குப் போய், அவர் அதைத் தன் வசதிக்குத் திருப்பிக்கொண்டார். தெரு முழுக்கக் கேட்டிருக்கிறது. டபுள் டூட்டியில் இருந்த செல்வி மட்டும் கேட்கவில்லை. நாங்கள் போன பிறகு பக்கத்து வீட்டுக்காரி வந்து, நீ எதில் போட்டாய் என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்திருக்கிறது.

“நான் மாத்திப் போட்டுட்டேன்கா. அவன் ஒரு ஃபோன் போட்டான்னா நாளைக்கி நான் ஊட்லதான் குந்திகினு இருக்கணும். வேற எங்கயும் வேல வாங்க வுடமாட்டான். ரெண்டு பொண்ணுங்கள வெச்சிகினு நான் இன்னா பண்ணுவேன்?”

நான் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணாத குறை. நாங்கள் அவர் ஆட்கள் இல்லை, அவர் முகத்தையே பார்த்ததில்லை, சீட்டில் உன் பேர் இல்லை, யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது என்றேன்.

செல்வி என்னைப் பார்த்தார். “அப்ப பின்னாடி எதுக்கு நம்பர் போட்டுகீறீங்க? எனக்கு எழுத்துதான் தெரியாது. பஸ் நம்பர் பாத்து ஏறுறவகா நானு.”

சீட்டின் பின்பக்கம் மூலையில் சின்னதாக ஒரு நம்பர் உண்டு. ஃபாரத்திலும் அதே நம்பர். எந்த வயதுக்காரர், எந்த வேலைக்காரர் யாருக்குப் போடுகிறார் என்று சேர்த்துப் பார்ப்பதற்காக. இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை, நானும் அதை ஒரு விஷயமாக நினைத்ததில்லை. அதைத்தான் அவரிடம் விளக்கினேன், பேருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, வயசையும் வேலையையும் சேர்த்துப் பார்க்கத்தான் என்று.

“சேத்துப் பாத்தா தெரியும்ல?” என்றார்.

தெரியும்தான். ஃபாரத்தில் வீட்டு அடையாளம் இருக்கிறது, நம்பர் இருக்கிறது, சீட்டில் நம்பர் இருக்கிறது. எங்கள் ஆபீஸில் யாரும் ஏழுமலைக்குக் கொடுக்க மாட்டார்கள். ஆனால் தெரியாது என்று நான் சொன்னேனே, அது எப்படிச் சரியாகும்? ரயில் வந்து நின்று, போய்விட்டது. நாங்கள் ஏறவில்லை.

பையில் பூட்டு. சாவி என்னிடம் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே திறந்து கொடுத்திருப்பேன், வேலை போனாலும் போகட்டும் என்று. சம்பந்தம் சாருக்கு ஃபோன் போட்டேன். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். பையில் விழுந்ததை வெளியே எடுக்கக் கூடாது என்பது எங்கள் முதல் விதி, அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். பிறகு, “அவங்களை அங்கேயே இருக்கச் சொல்லுங்க. நான் வரேன்” என்றார்.

அவர் வருகிற வரைக்கும் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தோமே, அந்தப் பாட்டை எப்படிச் சொல்வது. ஒவ்வொரு ரயிலுக்கும் வேலை முடிந்த பெண்கள் இறங்கினார்கள். நீலக் கோட்டும் சாப்பாட்டுப் பையுமாக எல்லாம் அந்தத் தெருப் பெண்கள். செல்வி எங்களோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே போனார்கள். இரண்டு பேர் நின்று கிசுகிசுத்தார்கள். செல்வி சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தார். எழுந்து போய்விட்டால் சீட்டு போச்சு, உட்கார்ந்திருந்தால் பேர் போச்சு. நான் தள்ளிப் போய் நிற்கிறேன் என்றால் செல்வி விடவில்லை, பையின் வாரை ஒரு கையால் பிடித்தபடியே இருந்தார்.

சார் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. செல்வியிடம், “மன்னிச்சுக்குங்க, உங்களைக் காக்க வெச்சுட்டோம்” என்றார். அந்தப் பெண் மிரண்டு போய் எழுந்து நின்றார். பிளாட்பாரத்தின் கடைசிக்கு, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துக்குப் போனோம். சார் பூட்டைத் திறந்தார். நானாக இருந்தால் பையைக் கவிழ்த்து, நீயே எடுத்துக்கொள் என்றிருப்பேன். அப்படிச் செய்தால் அவர் தன் சீட்டைத் தேடுகிற சாக்கில் தெருவில் மற்றவர்கள் போட்டதையெல்லாம் பிரித்துப் பார்க்க வேண்டிவரும். சார் என்னிடம் ஃபாரத்தின் நம்பரைக் கேட்டார். ஒரு சீட்டையும் பிரிக்காமல், பின்பக்கத்து நம்பரை மட்டும் பார்த்துத் தள்ளித் தள்ளித் தேடி, அவருடையதை எடுத்து, மடித்தது மடித்தபடி அவர் கையில் கொடுத்தார். செல்வியின் ஃபாரத்தையும் என் கட்டிலிருந்து உருவி அதையும் கொடுத்துவிட்டார்.

“இனிமே நீங்க எங்ககிட்ட பேசவே இல்லன்னு வெச்சுக்குங்க. வேணும்னா புதுச் சீட்டு ஒண்ணு போடலாம், வேண்டாம்னா வேண்டாம்” என்றார்.

செல்வி யோசித்தார். போட வேண்டாம் என்று போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் தெரு முழுக்கப் போட்டிருக்கிறது, ஒன்று குறைந்தாலும் அது தன்னுடையது என்று தெரிந்துவிடும் என்று அவருக்குப் பட்டிருக்கிறது. புதுச் சீட்டை வாங்கினார். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், அதிலும் மூலையில் நம்பர். பிறகு எங்கள் மூன்று பேர் முன்னாலும் ஆளுங்கட்சிச் சின்னத்தில் குறி போட்டு, “பாத்துகினீங்களா?” என்று கேட்டு, தானே பையில் போட்டார். பழைய சீட்டையும் ஃபாரத்தையும் சுக்குநூறாகக் கிழித்தார். கிழித்ததைக் கீழே போடவில்லை. நாளெல்லாம் அடுத்தவர் குப்பையைக் கூட்டுகிறவர் அல்லவா. முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

ஆபீஸுக்குப் போனதும் நான் பொரிந்து தள்ளிவிட்டேன். அந்தத் தெருவையே கணக்கிலிருந்து தூக்கிப் போடுங்கள், அது ஓட்டே இல்லை, மிரட்டல் என்றேன். அவர் பையை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“தூக்கிப் போட்டா, பயந்தவங்க எல்லாரையும் நாம கணக்கிலேர்ந்தே எடுத்துடறோம். அவங்களுக்கும் ஓட்டு இருக்குங்களே?”

அப்போ அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். வைத்துக்கொண்டால் ஏழுமலை சொன்னதை நாம் தெரு சொன்னதாக எழுதுகிறோம் என்றார். அப்போ என்னதான் செய்வது என்று கத்தினேன். அவரிடம் யாரும் கத்தியதில்லை. வெறும் ஃபாரம் ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

“இதுல பயத்துக்குக் கட்டம் எங்க இருக்கு, காட்டுங்க. நிரப்பிடலாம்.”

கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தேடச் சொன்ன மாதிரிதான் இருந்தது, அவர் கண் கலங்கியிருந்தது.

மற்ற தெருக்களில் எத்தனை ஏழுமலைகள் இருந்தார்கள், எந்தக் கட்சிக்கு இருந்தார்கள் என்று அவருக்கு அன்றிலிருந்து நிம்மதி போயிற்று. தானே போய்ச் சில தெருக்களை மறுபடி பார்த்தார். கடைசியில் தலைமை ஆபீஸுக்கு, இந்தத் தொகுதியில் ஆளுங்கட்சி தோற்குமா என்பதை எங்களால் சொல்ல முடியவில்லை என்று எழுதி அனுப்பினார். அங்கே குதியோ குதி என்று குதித்தார்கள். காசு கொடுப்பவன் நம்பருக்குத்தான் கொடுக்கிறான், முடியவில்லை என்பதற்கா கொடுக்கிறான் என்று ஃபோனில் கத்தியது எங்களுக்கு வெளியே வரை கேட்டது. சார் “ஆமாங்க, ஆமாங்க” என்று கேட்டுக்கொண்டார், எழுதியதை மாற்றவில்லை. வேறு யாரோ ஒரு நம்பரைப் போட்டு நிரப்பிக்கொண்டார்கள். தேர்தல் முடிந்ததும் அவரைப் பிஸ்கட், சோப்புக் கணக்குக்கு வெளியூர் மாற்றினார்கள். போகிற அன்று எங்கள் எல்லோருக்கும் பேக்கரியில் காப்பி வாங்கிக் கொடுத்தார், அவரும் ஒரு கப் குடித்தார்.

அந்தத் தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றதா, ஜெயித்ததா என்று கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். சொன்னால் எந்த வருஷம் என்று தெரியும். வருஷம் தெரிந்தால் ஏழுமலை யார் என்று அந்தப் பக்கத்தில் தெரியும். அப்புறம் தெரு, அப்புறம் டபுள் டூட்டி பார்த்துவிட்டு வந்த பொம்பளை. என்னால் அந்த வழியைப் போட்டுக் கொடுக்க முடியாது.

என் கவலையெல்லாம் அப்போது ஜெயிப்பதில் தோற்பதில் இல்லை. செல்விக்கு வேலை இருக்கிறதா? பிளாட்பாரத்தில் பார்த்த பெண்களில் யாராவது போட்டுக் கொடுத்திருப்பார்களா? போய் விசாரிக்கவும் முடியாது, நான் போனாலே அது ஒரு சேதியாகிவிடும். பல வாரம் ரயிலில் நீலக் கோட்டு போட்ட பெண் ஏறினால் முகத்தைப் பார்ப்பேன். கடைசியில் ஒருநாள் செல்வியே லேடீஸ் பெட்டியில் ஏறினார். அதே நீலக் கோட்டு, கையில் சாப்பாட்டுப் பை. எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. கண்ணும் கண்ணும் பார்த்துக்கொண்டோம். செல்வி உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், ஆவடி வந்ததும் இறங்கி அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. வேலையில் இருக்கிறார், அது போதும் என்று அன்றைக்குத்தான் ஒழுங்காகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு நான் சீட்டைக் கொடுக்கும்போது, நீங்க போடறது ஏழுமலைக்குப் போகாது, எங்க ஆபீஸுக்கு மட்டும் போகும் என்று சொல்ல ஆசைப்பட்டேன். அந்தந்தத் தெரு ஏழுமலையின் பெயரை வாசலில் நின்று சொல்ல முடியாதே. பழைய வாக்கியத்தையே வேகமாகச் சொல்லி முடித்துவிடுவேன். அப்படியே ரிடையரும் ஆனேன்.

இது போன வாரம் நடந்தது. குக்கர் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், ஃபோன் வந்தது. வரப்போகிற தேர்தலுக்கு சர்வே. நல்ல பெண், மரியாதையான குரல். பிரகாஷ் ஆபீஸோ, வேறு எதுவோ, நான் கேட்கவில்லை. வயது, படிப்பு, ஊர் எல்லாம் வரிசையாகக் கேட்டாள். நம்ம ஜாதிப் பெண் அல்லவா என்று, அதாவது நம்ம தொழில் ஜாதி, பொறுமையாகச் சொன்னேன். வீட்டில் யார் என்ன வேலை என்றாள். என் மகன் ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் காண்டிராக்டில் இருக்கிறான். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற மாசம் இது. அவனுக்கு மேலே இருக்கிற சூப்பர்வைசர் எந்தக் கட்சிக்கொடி கட்டுகிறார் என்று எனக்குத் தெரியும். அதுவரை ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்தவள் அங்கே கொஞ்சம் தடுமாறினேன்.

“இன்னைக்குத் தேர்தல் நடந்தா யாருக்கு ஓட்டுப் போடுவீங்க மேடம்? நீங்க சொல்றது யாருக்கும் தெரியாது, பயப்படாம சொல்லுங்க.”

என் வாக்கியம். போடறது சொல்றது ஆகியிருந்தது, மற்றபடி ஒரு எழுத்து மாறவில்லை.

“அப்போ என் நம்பர் உன்கிட்ட எப்படிம்மா வந்துச்சு?” என்று கேட்டேன். அவள் பார்த்துப் படிக்கிற தாளில் அதற்குப் பதில் இருந்திருக்காது. பிறகு அதே கேள்வியை மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

ஆளுங்கட்சிக்கு என்றேன். வலுவாக, சத்தமாக, அவள் காதில் நன்றாக விழட்டும் என்று. ரொம்ப நன்றி மேடம் என்று வைத்துவிட்டாள். குக்கர் விசில் அடித்து ஓய்ந்துவிட்டது, நான் எழுந்திருக்கவே இல்லை. அன்றைக்கு வேப்பம்பட்டில் சீட்டைத் திருப்பிப் பிடித்துக் காட்டிய அந்த அம்மாவின் முகம்தான் கண் முன்னால் இருந்தது.

அதனால்தான் கேட்கிறவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆளுங்கட்சி தோற்குமா என்று இன்னும் கொஞ்ச நாளில் டிவியில் பெரிய எழுத்தில் ஒரு நம்பர் வரும். அதற்குள் நானும் இருக்கிறேன், நான் சொன்னது பொய்.

பிரகாஷ், நீ கேட்ட மாதிரி எழுதிவிட்டேன். கீழே என் பெயரைப் போடாதே.